1978-இன் தமிழ்ப் படங்கள்: ஓர் ஆண்டை வரிசைப்படுத்துவது பற்றிய ஆய்வு

1. கேள்வியும் எல்லையும்

ஓர் ஆண்டில் வெளிவந்த படங்களில் எவை சிறந்தவை, அவற்றில் முதலிடம் எதற்கு என்பது திரைப்பட ரசிகர்களும் விமர்சகர்களும் ஒருசேர விரும்பும் கேள்வி. ரசிகரிடம் அது விருப்பத்தைச் சொல்லும் வழி; விமர்சகரிடம் மதிப்பீட்டின் சுருக்கம். இரண்டிலும் ஓர் எடுகோள் பேசப்படாமல் இருக்கிறது. பட்டியல் போடுபவர் அந்த ஆண்டின் படங்கள் அனைத்தையும், அல்லது போதுமான அளவையாவது, பார்த்திருக்கிறார், இன்னும் பார்க்க முடியும் என்பதே அது. தமிழ்ச் சூழலில், குறிப்பாக இலங்கையின் வடபகுதியில், இந்த எடுகோள் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆண்டு 1978. இதற்குக் காரணங்கள் இரண்டு. தமிழகத்தில் ‘முள்ளும் மலரும்’, ‘அவள் அப்படித்தான்’, ‘கிழக்கே போகும் ரயில்’, ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘நிழல் நிஜமாகிறது’, ‘தப்புத் தாளங்கள்’ ஆகிய படங்கள் அந்த ஒரே ஆண்டில் வெளிவந்தன. இலங்கைத் தமிழ்ச் சினிமாவும் 1962-இல் ‘சமுதாயம்’ படத்துடன் தொடங்கியதிலிருந்து அதுவரை காணாத அறுவடையை அந்த ஆண்டில்தான் கண்டது. ஆறு படங்கள் திரைக்கு வந்தன. பார்வையாளரின் இடமாகக் காங்கேசன்துறை கொள்ளப்படுகிறது. தமிழகக் கரைக்கு அண்மையிலும் கொழும்புக்குத் தொலைவிலும் இருந்த ஊர் அது. ஆனாலும் படங்கள் கொழும்பு வழியாகவே அங்கு வந்து சேர்ந்தன. ஆண்டுப் பட்டியலின் சிக்கல்களை அங்கிருந்து பார்த்தால் தெளிவாகக் காணலாம்.

2. ஆண்டுப் பட்டியல் என்ற வடிவம்

திரைப்படங்களை வரிசைப்படுத்தும் வழக்கத்துக்கு இதழியலில் நீண்ட வரலாறு உண்டு. பிரான்சின் ‘கையே து சினேமா’ இதழ் 1950களிலிருந்து ஆண்டின் பத்துப் படங்களைத் தெரிவு செய்து வந்தது. பிரித்தானியாவின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்குக் கேட்டு எல்லாக் காலத்துக்குமான வரிசையை வெளியிடுகிறது. இந்த இரண்டாவது வரிசையின் வரலாறே தரவரிசைகளின் நிலையாமைக்குச் சான்று. ‘சிட்டிசன் கேன்’ 1962 முதல் 2002 வரை ஐந்து வாக்கெடுப்புகளில் முதலிடத்தில் இருந்தது. 2012-இல் அந்த இடம் ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’வுக்குப் போனது. 2022-இல் ஷந்தால் அக்கர்மனின் ‘ழான் தீல்மன்’ முதலிடம் பெற்றது. 1975-இல் எடுக்கப்பட்ட இப்படம் 2012 வாக்கெடுப்பில் முதல் முப்பதுக்குள்கூட வரவில்லை. படச்சுருளில் ஒரு சட்டமும் மாறவில்லை. வாக்களித்தோர் மாறியிருந்தனர்; அவர்களுக்குக் கிடைத்த பிரதிகளும், அவர்கள் கேட்ட கேள்விகளும் மாறியிருந்தன.

தமிழில் இதற்கு நிகரான நிறுவனம் ‘ஆனந்த விகடன்’ விமர்சனத்தில் இட்ட மதிப்பெண். நூற்றுக்கு இவ்வளவு என்று எண்ணால் தீர்ப்புச் சொல்லும் இம்முறை பல தலைமுறை வாசகரின் திரைப்படப் பேச்சை வடிவமைத்தது. 1977-இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 வழங்கப்பட்டது. அந்த அரை மதிப்பெண்தான் இம்முறையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டுகிறது. துல்லியமாக நிறுத்துப் பார்த்தது போன்ற நம்பிக்கையை அது தருகிறது. எதை எதனுடன் நிறுத்தார்கள் என்பதை அது சொல்வதில்லை.

மதிப்பெண்ணும் வரிசையும் ஒன்றல்ல. மதிப்பெண் ஒரு படத்தைத் தனியாக நிறுத்தி அளக்கிறது. வரிசையில் ஒரு படத்தின் இடத்தை மற்ற படங்கள் தீர்மானிக்கின்றன. பத்துப் படங்களை வரிசைப்படுத்த ஒருவர் 45 இணை ஒப்பீடுகளுக்குப் பதில் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்: இதைவிட அது மேலா, அதைவிட இது மேலா என்று. பார்க்காத ஒரு படம் நடுவில் இருந்தால் அதனோடு தொடர்புடைய ஒன்பது ஒப்பீடுகளும் வெறுமையாகிவிடும். தனிப்பட்ட தரவரிசை எவ்வளவு விளையாட்டாகத் தோன்றினாலும், அதன் அடிப்படையில் இருப்பது கிடைத்தல் என்ற பொருளாதார உண்மை.

3. எந்த 1978?

ஒரு படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற கேள்விக்குச் சென்னையில் பதில் எளிது. அங்கு திரையிட்ட நாளே அதன் பிறந்த நாள். காங்கேசன்துறைப் பார்வையாளருக்கு மூன்று ஆண்டுகள் இருந்தன: படம் தமிழகத்தில் வெளியான ஆண்டு, இலங்கைக்கு இறக்குமதியாகித் தணிக்கை முடிந்து வெளியான ஆண்டு, தாம் பார்த்த ஆண்டு.

இந்த இடைவெளிக்கு அரச கொள்கை ஒரு முக்கிய காரணம். 1971-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டு 1972-இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம், படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அந்நியச் செலாவணியைக் காப்பதும் உள்ளூர்த் தயாரிப்பை ஊக்குவிப்பதும் அதன் நோக்கங்கள். தென்னிந்தியப் படங்களின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டது. புதுப்படம் வரத் தாமதமானபோது பழைய படங்கள் திரும்பத் திரும்ப ஓடின. 1977 தேர்தலுக்குப் பின் வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோதும் பட விநியோகத்தில் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமை நீடித்தது.

புவியியலோடு ஒப்பிட்டால் இதன் முரண் விளங்கும். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் கடல்வழியே சுமார் 110 கிலோமீற்றர். கொழும்பு ரயில் பாதையில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். யாழ்தேவி ரயில் வந்து நிற்கும் வடபாதையின் கடைசி நிலையம் இதுவே. துறைமுகமும் 1950களிலிருந்து இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் கொண்டிருந்தாலும், தமிழகப் படம் இத்துறையில் இறங்கியதில்லை. கொழும்பில் இறங்கி, அனுமதி பெற்று, யாழ்ப்பாண நகரத் தியேட்டர்களுக்கு வந்தது. காங்கேசன்துறை வீதியில் இருந்த மனோகரா, நகர நடுவில் இருந்த வின்சர், றீகல், ராஜா போன்றவை குடாநாட்டு ரசிகரின் நினைவில் நிற்கும் பெயர்கள்.

பார்வையாளரின் ரசனை மரபும் ஆண்டுக் கணக்கோடு எளிதில் பொருந்துவதில்லை. காங்கேசன்துறையின் புகழ்பெற்ற கலைஞர் நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989). அவரது வசந்தகான சபா நடத்திய ‘அரிச்சந்திர மயான காண்டம்’ ஊரூராகக் கோவில் வீதிகளில் பல நூறு இரவுகள் மேடையேறியது. இசை நாடகத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு ‘இந்த வருட நாடகம்’ என்ற வகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும். அன்றிரவு குரல் எப்படி நின்றது, சுடலைக் காட்சியில் அரிச்சந்திரன் எப்படித் தாங்கினான் என்பதே பேச்சு. ஒப்பீடு நாடகத்துக்கும் நாடகத்துக்கும் இடையில் அல்ல, ஒரே நாடகத்தின் இரண்டு இரவுகளுக்கு இடையில் நடந்தது. மீண்டும் மீண்டும் திரையிடப்பட்ட பழைய படங்களையும் இதே முறையில் பார்க்க இயலும். ஆண்டுப் பட்டியல் புதுமையை அலகாகக் கொள்கிறது. இம்மரபு மறுபார்வையை அலகாகக் கொள்கிறது. பின்னது திரைப்பட மதிப்பீட்டுக்கு உதவும் ஓர் அளவுகோல் என்பதைக் கடைசிப் பகுதி எடுத்துக்கொள்ளும்.

4. தமிழகத்தின் 1978

அந்த ஆண்டு தமிழகத் திரையுலகில் ஒரு மாற்றம் முழுமையடைந்த ஆண்டு. 1977-இல் முதலமைச்சரான எம்.ஜி.ஆரின் கடைசிப் படமான ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ பொங்கலுக்கு வெளியானது. சிவாஜி கணேசன் ‘தியாகம்’ போன்ற படங்களில் தொடர்ந்து வெற்றி கண்டார். கதாநாயக மையச் சினிமாவின் பக்கத்திலேயே இயக்குநர் மையச் சினிமா ஒன்று நிலைகொண்டது.

ஜெ. மகேந்திரனின் முதல் படமான ‘முள்ளும் மலரும்’ ஓகஸ்ட் 15 அன்று வெளியானது. ‘கல்கி’ வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்ற உமாசந்திரனின் நாவலை அது தழுவியது. எனினும் நாவலின் போக்கையும் முடிவையும் அப்படியே ஏற்கவில்லை. ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. மட்டக்களப்பில் பிறந்து புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற அவர் தமிழில் ஒளிப்பதிவு செய்த முதல் படம் இது. மலைப்பகுதி மின் திட்டமொன்றில் விஞ்ச் இயக்கும் காளிக்கும் (ரஜினிகாந்த்) அவனுடைய தங்கை வள்ளிக்கும் (ஷோபா) இடையிலான பாசமும், புதிதாக வரும் பொறியாளரோடு (சரத்பாபு) காளிக்கு உள்ள பகையும் கதை. இறுதிக் காட்சியில் பொறியாளரை மணக்க ஊரார் சூழப் புறப்பட்டுச் செல்லும் வள்ளி, எதிரே தனியாக நிற்கும் அண்ணனைக் கண்டதும் கூட்டத்தை விட்டு அவனிடம் ஓடிவருகிறாள். தங்கை தன்னையே தேர்ந்தாள் என்ற பெருமிதம் கிடைத்த பிறகுதான் காளி அவளைக் கைபிடித்துக் கொடுக்கிறான்; மாப்பிள்ளையை இப்போதும் பிடிக்கவில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டுக் கொடுக்கிறான். பழைய பாணிப் படத்தில் இந்த இடத்தில் மனமாற்றமும் நீண்ட வசனமும் வந்திருக்கும். மகேந்திரன் மனிதனை மாற்றாமல் கதையை முடிக்கிறார். பகை தீரவில்லை, அதற்கு மேலே ஒன்று வைக்கப்படுகிறது.

சி. ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ தீபாவளிக்கு வந்தது. கறுப்பு-வெள்ளை, திரைக்கல்லூரியில் பயின்றவர்களின் முயற்சி, எழுத்தில் எழுத்தாளர் வண்ணநிலவனும் பங்கேற்றார். பெண்கள் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண் (கமல்ஹாசன்), அவனுக்கு உதவும் மஞ்சு (ஸ்ரீபிரியா), விளம்பர நிறுவன முதலாளி தியாகு (ரஜினிகாந்த்) என்ற மூவரிடையே படம் நகர்கிறது. பெண்விடுதலை பற்றிப் பேசும் அருண் கடைசியில் வேறொரு பெண்ணை மணந்துகொண்டு வருகிறான். காரில் அந்தப் புதுமணப் பெண்ணிடம் மஞ்சு பெண்விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்க, அவள் தெரியாது என்கிறாள். அதனால்தான் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்ற பொருளில் மஞ்சு மறுமொழி சொல்கிறாள். படம் தன் நாயகனின் முற்போக்கையும் சேர்த்தே விசாரணைக்கு உட்படுத்துகிறது. வெளியானபோது வரவேற்புக் குன்றியிருந்தது. வங்க இயக்குநர் மிருணாள் சென் உள்ளிட்டோரின் பாராட்டுக்குப் பிறகு கவனம் திரும்பியது. தமிழக அரசு விருதுகளில் அந்த ஆண்டு ‘முள்ளும் மலரும்’ சிறந்த படமாகவும் இது இரண்டாவது சிறந்த படமாகவும் தெரிவாயின.

பாரதிராஜா அந்த ஆண்டில் ஒன்றுக்கொன்று எதிரான இரு படங்களைத் தந்தார். ‘கிழக்கே போகும் ரயில்’ (ராதிகாவின் அறிமுகப் படம்) கிராமத்தின் சாதிக் கட்டையும் மூடநம்பிக்கையையும் காதல் கதைக்குள் வைத்துக் காட்டியது. ஊரைவிட்டுப் போன காதலன் ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதியனுப்பும் செய்தியைப் பாஞ்சாலி தண்டவாளத்தோரம் நின்று படிக்கும் காட்சிகள், ஒரு பொதுப் போக்குவரத்தை இரகசியத் தபாலாக்கின. ‘சிகப்பு ரோஜாக்கள்’ நகரத்துத் தொடர்கொலைக் கதை. படத்தொகுப்பிலும் ஒலியிலும் தமிழுக்கு அது புதிது. ஆனால் கொலைகாரனின் வெறிக்குக் காரணத்தைப் பெண்களின் நடத்தையிலேயே தேடும் அதன் பின்கதை இன்றைய வாசிப்பில் படத்தின் பெரிய பலவீனமாக நிற்கிறது.

கே. பாலசந்தரின் இரு படங்களும் குறிப்பிடத்தக்கவை. 1969-இன் மலையாளப் படமான ‘அடிமகள்’ கதையைத் தழுவிய ‘நிழல் நிஜமாகிறது’ படத்தில், ஏமாற்றப்பட்ட வேலைக்காரப் பெண் (ஷோபா) தன்னைக் கெடுத்தவன் ஏற்க முன்வந்த பிறகும் அவனை மறுத்து, தனக்குத் துணை நின்ற காது கேளாத வேலையாளைத் தேர்கிறாள். ‘தப்புத் தாளங்கள்’ தேவு என்ற ரௌடியும் (ரஜினிகாந்த்) ஒரு பாலியல் தொழிலாளியும் (சரிதா) நேர்மையாக வாழ முயன்று தோற்பதைச் சொன்னது. கன்னடத்திலும் ஒருங்கே எடுக்கப்பட்டது.

ஆண்டு என்ற அலகின் பயன் இங்கு புலப்படுகிறது. ஷோபாவும் சரத்பாபுவும் ஒரே ஆண்டில் இரண்டு படங்களில் எதிரெதிரே வருகிறார்கள். ஒன்றில் அவர் நேர்மையான பொறியாளர். மற்றதில் வேலைக்காரப் பெண்ணை வஞ்சிப்பவர். ஒன்றில் அவள் அவரை மணக்கிறாள், மற்றதில் மறுக்கிறாள். ரஜினிகாந்தோ காளி, தியாகு, தேவு என்ற மூன்று வேடங்களில் ஆண் திமிரின் மூன்று நிலைகளை அதே ஆண்டில் காட்டினார். இப்படங்களைத் தனித்தனியே பார்ப்பவருக்குத் தென்படாத இவ்வுறவு, ஓர் ஆண்டைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பவருக்குத் தென்படுகிறது.

5. இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் 1978

இறக்குமதிக் கட்டுப்பாடு ஒருபுறம் புதிய தென்னிந்தியப் படங்களைக் குறைத்தது; மறுபுறம் உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்கு இடம் ஏற்படுத்தியது. 1975-இல் ‘புதிய காற்று’, 1976-இல் ‘கோமாளிகள்’, 1977-இல் ‘பொன்மணி’ என்று வளர்ந்த போக்கின் உச்சம் 1978. ‘வாடைக்காற்று’, ‘நான் உங்கள் தோழன்’, ‘ஏமாளிகள்’, ‘தென்றலும் புயலும்’, ‘தெய்வம் தந்த வீடு’, ‘அனுராகம்’ ஆகியவை அந்த ஆண்டின் ஆறு படங்கள். இவற்றின் வரலாற்றைத் தொகுத்ததில் தம்பிஐயா தேவதாஸின் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ முன்னோடி நூல்.

‘வாடைக்காற்று’ செங்கை ஆழியானின் நாவலைத் தழுவியது. புவியியல் பட்டதாரியும் நிர்வாக அதிகாரியுமான க. குணராசாவே செங்கை ஆழியான். வாடைப் பருவத்தில் நெடுந்தீவில் வாடி (தற்காலிகக் குடில்) அமைத்துத் தொழில் செய்ய வரும் மீனவருக்கும் தீவு மக்களுக்கும் இடையே எழும் உறவும் உரசலும் கதைக்களம். பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார்; ஏ.ஈ. மனோகரன், இந்திரகுமார், சந்திரகலா, ஆனந்தராணி, கே.எஸ். பாலச்சந்திரன் ஆகியோர் நடித்தனர். எழுத்தாளர் செம்பியன் செல்வன் திரைக்கதையில் பங்களித்தார். ஈழத்து நாவல், ஈழத்துப் பேச்சு, ஈழத்துக் கடல் என்ற மூன்றையும் ஒரு படத்தில் சேர்க்க முனைந்தது இதன் முதன்மைச் சிறப்பு. கடற்றொழிலை நன்கறிந்த காங்கேசன்துறை, மயிலிட்டிப் பகுதிப் பார்வையாளருக்கு, திரையில் வந்த பருவமும் வலையும் படகும் விளக்கம் வேண்டாத பொருட்கள்.

‘நான் உங்கள் தோழன்’ மலையகத் தொழிற்சங்கத் தலைவரும் நடிகருமான வி.பி. கணேசனின் தயாரிப்பு. ‘புதிய காற்று’ தோட்டத் தொழிலாளரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதன் நாயகனான கணேசனே இப்படத்திலும் மக்களின் தோழனாக நிற்கிறார். தமிழகத்து நாயகச் சினிமாவின் வாய்ப்பாடு தோட்டத்து அரசியலுக்குப் பயன்பட்டதற்கு இவ்வரிசைப் படங்கள் சான்று. ‘ஏமாளிகள்’ வானொலியில் பிறந்த நகைச்சுவையின் தொடர்ச்சி. எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ வானொலி நாடகம் ‘கோமாளிகள்’ படமாகி வெற்றி பெற்ற பின், இயக்குநர் எஸ். ராமநாதனும் ராம்தாஸும் மீண்டும் இணைந்தனர். அந்தக் குழுவின் சிரிப்பு, பலவகைத் தமிழ்ப் பேச்சுகள் ஒரே வீட்டில் மோதிக்கொள்வதிலிருந்து பிறப்பது. கேட்டு ரசித்த குரல்களுக்கு முகம் கொடுத்ததே திரையின் பணி. திருகோணமலை மருத்துவர் வேதநாயகத்தின் முயற்சியில் உருவானது எம்.ஏ. கபூர் இயக்கிய ‘தென்றலும் புயலும்’. சிங்கள இயக்குநர் யசபாலித நாணயக்கார ‘அனுராகம்’ படத்தை இயக்கினார்.

இவற்றை விமர்சித்தோர் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளில் ஒன்றை எடுத்தனர். முதலாவது, குறைந்த முதலீடும் தொழில்நுட்ப வசதியும் கொண்டு எடுக்கப்பட்டதால் சலுகையோடு பார்க்க வேண்டும் என்பது. இரண்டாவது, தென்னிந்தியப் படத்தின் பக்கத்தில் வைத்தால் ஒளியும் ஒலியும் நிற்கவில்லை என்பது. இரண்டும் படத்தைத் தயாரிப்புச் செலவால் அளக்கின்றன. சலுகை காட்டினால் மதிப்பீடு நின்றுபோகிறது. ஒப்பிட்டு ஒதுக்கினால் படம் எதைக் காட்ட முயன்றது என்ற கேள்வி தொலைந்துபோகிறது. பேச்சு மொழி, தொழில், நிலம் ஆகியவற்றை எவ்வளவு உண்மையாகப் படம் கையாண்டது என்பதை அளவுகோலாகக் கொண்டால் ‘வாடைக்காற்று’ பக்கம் தராசு சாயும்.

6. மொழி எல்லையின் சிக்கல்

‘ஆண்டின் தமிழ்ப் படங்கள்’ என்ற தலைப்பே இலங்கையில் ஓர் ஒப்பீட்டை மறைத்துவிடுகிறது. தர்மசேன பத்திராஜவின் சிங்களப் படமான ‘பம்பரு அவித்’ 1978-இல் வெளியானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த பத்திராஜ, முந்தைய ஆண்டில் காவலூர் இராசதுரையின் எழுத்தில் யாழ்ப்பாணத்துச் சாதிச் சமூகத்தைப் பற்றிய ‘பொன்மணி’யை இயக்கியவர். ‘பம்பரு அவித்’ கற்பிட்டி மீனவக் கிராமமொன்றுக்கு நகரத்திலிருந்து வரும் இளைஞர் கூட்டம் அங்குள்ள தொழிலையும் உறவுகளையும் குலைப்பதைச் சொல்கிறது.

ஒரே ஆண்டு, ஒரே தீவு, இரு மொழி, ஒரே வகைக் களம்: கரையோரக் கிராமத்துக்கு வெளியார் வருகை. ‘வாடைக்காற்று’ இம்மோதலைப் பருவத்தோடு பிணைக்கிறது. காற்று மாறினால் வந்தவர் போவர். பத்திராஜவின் படத்தில் வருபவரோடு மூலதனமும் வருகிறது, அது போவதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது விமர்சனத்துக்குப் பயன் தரும். மொழிவாரிப் பட்டியல் அதற்கு இடம் தருவதில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் ‘பைலட் பிரேம்நாத்’. ஏ.சி. திருலோகசந்தர் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் சிங்களத் திரையின் முதன்மை நடிகை மாலினி பொன்சேகாவும் நடித்த இந்திய-இலங்கைக் கூட்டுத் தயாரிப்பு இது. 1978 தீபாவளிக்கு வெளிவந்தது. இலங்கைக் காட்சிகள் படம் முழுவதும் உண்டு. எனினும் இலங்கைத் தமிழர் வாழ்வு அதில் பொருளாகவில்லை. இது எந்த நாட்டுப் பட்டியலைச் சேரும் என்பதற்குத் தயாரிப்பு ஒப்பந்தம் ஒரு விடையும் திரையில் தெரிவது வேறொரு விடையும் தரும்.

7. சான்றின் அழிவு

1978-இன் ஆறு படங்களில் பலவற்றை இன்று திரையில் பார்த்து மதிப்பிட இயலாது. 1983 ஜூலை வன்செயலில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டது, தமிழருக்குச் சொந்தமான தியேட்டர்கள் பல அழிந்தன, இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். கலையகத்தோடு நெகட்டிவ்களும் போயின. தப்பிய பிரதிகளுக்கும் இயற்கை எதிரி இருந்தது. அக்காலத்து அசிட்டேட் சுருள் வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த இடத்தில் புளித்த நெடி வீசிச் சுருங்கும். ஒருமுறை தொடங்கினால் அச்சிதைவை நிறுத்த முடியாது, குளிரூட்டித் தாமதப்படுத்தத்தான் முடியும்.

எழுத்துச் சான்றுகளும் தப்பவில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. ‘ஈழநாடு’ நாளிதழ் அலுவலகமும் அதே நாட்களில் தீக்கிரையானது. 1990-இல் போரினால் காங்கேசன்துறையும் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு ஊர்களும் வெறிதாகி, உயர் பாதுகாப்பு வலயமாயின. ரயில் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது 2015 ஜனவரியில். ரசிகரின் வீட்டு அலமாரியில் இருக்கக்கூடிய பாட்டுப் புத்தகம், நோட்டீசு, சினிமா இதழ் போன்றவை எந்த நூலகப் பட்டியலிலும் ஏறாதவை. கால் நூற்றாண்டு ஆளில்லாக் கிடந்த வீடுகளில் அவை மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. 2005 முதல் ஈழத்து வெளியீடுகளை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்தின் பணி அச்சுச் சான்றை ஓரளவு மீட்டிருக்கிறது. படச்சுருளை அது மீட்க இயலாது.

இதன் விளைவு தரவரிசையில் நேரடியாகத் தெரிகிறது. ‘அவள் அப்படித்தான்’ வெளியான காலத்தில் தோற்று, பின்னர் தலைமுறைகள் தோறும் மேலேறியது. தொலைக்காட்சி, வீடியோ, இணையம் வழியாகத் திரும்பப் பார்க்க முடிந்ததால்தான் அந்த ஏற்றம் நிகழ்ந்தது. ‘தென்றலும் புயலும்’ படத்துக்கு அந்த இரண்டாம் விசாரணை கிடைக்கவில்லை. வெளியான நாளின் வரவேற்பே அதன் இறுதித் தீர்ப்பாகிவிட்டது. பட்டியலில் கீழே இருப்பதும் பட்டியலுக்குள் வர வாய்ப்பே பெறாததும் வெவ்வேறு நிலைகள். வழக்கமான தரவரிசை இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

8. ஒரு வரிசை

மேற்கண்டவற்றின் அடிப்படையில் 1978-க்கு ஒரு வரிசை முன்வைக்கலாம். அளவுகோல்கள் மூன்று: காட்சியால் கதையை நகர்த்தும் திறன், மாந்தரை நியாயத்தோடு நடத்தும் முறை, மறுபார்வையில் குன்றாமை. மூன்றாவது, இசை நாடக மரபிலிருந்து பெறப்பட்டது.

முதலிடம் ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு. மூன்று அளவுகோல்களிலும் உறுதியாக நிற்பது அது ஒன்றே. இரண்டாமிடம் ‘அவள் அப்படித்தான்’. மாந்தரை நடத்தும் முறையில் அது முதற்படத்தை மிஞ்சுகிறது. ஆனால் அதன் வாதம் பெரிதும் உரையாடலில் நடக்கிறது. இரண்டாம் அளவுகோலுக்கு மட்டும் கூடுதல் எடை கொடுத்தால் இவ்விரு இடங்களும் மாறிவிடும். முதலிரு இடங்களுக்கிடையிலான இடைவெளி அவ்வளவு சிறியது. மூன்றாமிடம் ‘நிழல் நிஜமாகிறது’. அதன் முடிவு பாலசந்தரின் நாடகத்தனத்தை ஈடுசெய்கிறது. நான்காவது ‘கிழக்கே போகும் ரயில்’. ஐந்தாவது ‘தப்புத் தாளங்கள்’. ‘சிகப்பு ரோஜாக்கள்’ முதலாம் அளவுகோலில் மேலே வரக்கூடியது. இரண்டாவதில் தோற்பதால் ஆறாமிடம்.

இலங்கைப் படங்களை இவ்வரிசைக்குள் எண்ணிட்டு நுழைப்பது நேர்மையாகாது. அவற்றில் ‘வாடைக்காற்று’ பொருளாலும் மூலநாவலின் வலிமையாலும் முன்னிற்கிறது. ‘நான் உங்கள் தோழன்’, ‘ஏமாளிகள்’ இரண்டும் மலையக அரசியல், வானொலி நகைச்சுவை என்ற இரு மரபுகளின் ஆவணங்களாக அடுத்து வருகின்றன. ஏனைய மூன்றும் வரிசைக்கு வெளியே, தீர்ப்பு நிலுவையில் உள்ளவையாகக் குறிக்கப்பட வேண்டியவை. ‘பம்பரு அவித்’ மொழிவரம்பை நீக்கினால் முதல் மூன்றுக்குள் போட்டியிடும்.

ஆகவே தமிழ்ச் சூழலில் ஆண்டுத் தரவரிசை எழுதுவோர் மூன்று தகவல்களைச் சேர்த்துத் தருவது முறையாகும்: எந்த ஊரின் வெளியீட்டுத் திகதி ஆண்டாகக் கொள்ளப்பட்டது, எவ்வளவு படங்கள் பார்க்கப்பட்டன, எவை பார்க்கக் கிடைக்கவில்லை. மூன்றாவது தகவல் இல்லாத பட்டியல், அழிந்த படத்தையும் தோற்ற படத்தையும் ஒரே இடத்தில் வைக்கிறது. அது இருக்கும் பட்டியலைப் பிரதி ஒன்று எங்கேனும் கண்டெடுக்கப்படும் நாளில் திருத்தி எழுதலாம்.